பால்வாடிக்கு டி.வி. வேண்டுமா?



மூன்று மாதங்களுக்கு முன்பு ஓர் ஊராட்சிக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு விஷயம் வந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் வெளியூரில் கடை வைத்து நல்ல நிலையில் இருக்கிறார். ஊர்ப் பால்வாடிக்குப் பெரிய டி.வி. ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதை மாட்டுகிற செலவு, கேபிள் செலவு இரண்டையும் கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து கொடுக்கலாமா? இதுதான் கேள்வி.

ஐந்து நிமிடத்தில் முடியும் என்று நினைத்தோம். ஒரு மணி நேரம் ஆனது.

"டவுன்ல பிளே ஸ்கூல்ல பெரிய டி.வி. வச்சு ஏ.பி.சி.டி. சொல்லிக் குடுக்குறாங்க. நம்ம புள்ளைங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் ஒரு சகோதரி.

"வீட்லதான் செல்லு, டி.வி.ன்னு கெடக்குதுக. அங்கயாச்சும் நாலு புள்ளைகளோட வெளையாடட்டும்னுதானே அனுப்புறோம்?" என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர்.

"அதெல்லாம் சரிக்கா. டீச்சர் ஒரு ஆளு. இருபத்தஞ்சு புள்ளைங்க. டி.வி. போட்டா ஒரு எடத்துல உக்காரும்ல?" என்றார் இன்னொருவர்.

மூன்று பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் தலைவி சொன்னார்: "தெரியாம முடிவு பண்ண வேண்டாம். விஷயத்தைத் தெரிஞ்சுக்குவோம். டீச்சரையும் கூப்பிட்டுக் கேப்போம். அடுத்த கூட்டத்துல தீர்மானம் போடுவோம்."

விசாரித்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி உங்கள் ஊருக்கும் வரும். மத்திய அரசின் சக்ஷம் அங்கன்வாடித் திட்டத்தில் நாடு முழுவதும் 2 லட்சம் மையங்களை மேம்படுத்த முடிவாகியிருக்கிறது. அப்படி மேம்படுத்தும் மையங்களுக்குக் குடிநீர் சுத்திகரிப்பு, காய்கறித் தோட்டம் ஆகியவற்றோடு எல்.இ.டி. திரையும் உண்டு. ஆகவே, திரை வந்தால் என்ன செய்வது என்று நாம் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் என் வீட்டுக் கதை

ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2020-இல் கொரோனா வந்து பால்வாடிகள் மூடிக் கிடந்தபோது, மகளும் மருமகனும் வேலைக்குப் போக, பேரனை நான்தான் பார்த்துக்கொண்டேன். அடுப்படி வேலை ஒரு பக்கம், ஆடு மாடு ஒரு பக்கம், குழு நோட்டு ஒரு பக்கம். பிள்ளை அழுதால் செல்போனைக் கையில் கொடுத்துவிடுவேன். சோறு ஊட்டும்போதும் செல்தான். வாயை 'ஆ' என்று திறப்பான், கண் படத்தில் இருக்கும். "பாரு, சமத்தா சாப்பிடுறான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இரண்டரை வயதாகியும் அவன் நாலைந்து வார்த்தைக்கு மேல் பேசவில்லை. பால்வாடிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துவிட்டு மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். காது கேட்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். கேட்டது. பிறகு டாக்டர் என்னிடம், "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் செல் பார்க்கிறான்? எத்தனை மணி நேரம் நீங்க அவன்கூடப் பேசுறீங்க?" என்று கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. இரண்டாவது கேள்விக்குப் பதிலே இல்லை.

செல்போன் மட்டும்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. பேச்சு தாமதமாவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் "செல்லை எடுத்துடுங்க, பேச்சைக் கூட்டுங்க, பயிற்சிக்கு வாங்க" என்றார். மூன்றையும் செய்தோம். இன்றைக்கு அவன் பள்ளிக்கூடம் போகிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை.

குழந்தை எப்படிக் கற்றுக்கொள்கிறது?

குழந்தையின் மூளை வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான். அந்த வயதில் மூளைக்குள் ஒவ்வொரு நொடியும் 10 லட்சத்துக்கும் மேல் புது இணைப்புகள் உண்டாவதாக அறிஞர்கள் சொல்கிறார்கள். இந்த இணைப்புகள் எதனால் பலப்படுகின்றன? பந்து விளையாட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் எறிய, மற்றவர் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும்.

குழந்தை வாசலைக் காட்டி, "கா... கா..." என்கிறது. அது எறிந்த பந்து. நாம், "ஆமாடா தங்கம், காக்கா வந்திருக்கு. சோறு வைப்பமா?" என்கிறோம். அது நாம் திருப்பி எறிந்த பந்து. குழந்தை சிரிக்கிறது, கையை நீட்டுகிறது. பந்து மறுபடி நம்மிடம் வந்துவிட்டது. இப்படி ஒரு நாளில் நூறு தடவை போய் வந்தால் பேச்சு வரும், புத்தி வளரும், நம்மேல் நம்பிக்கையும் வளரும்.

டி.வி.யில் வரும் காக்காய் அழகாக இருக்கும், பாட்டும் பாடும். ஆனால் குழந்தை "கா" என்றால் பதில் சொல்லாது. எறிந்த பந்து திரும்பி வராது. கொஞ்ச நேரத்தில் குழந்தை எறிவதையே நிறுத்திவிடும், வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். அதைத்தான் நாம் "சமத்தா உக்காந்திருக்கு" என்று சொல்கிறோம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் பட்ரிஷியா குல் என்ற விஞ்ஞானியின் குழு செய்த ஆய்வு 2003-இல் வெளியானது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள். சில குழந்தைகளோடு சீன மொழி பேசும் ஆள் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாடினார். வேறு சில குழந்தைகளுக்கு அதே ஆள் பேசுவதை டி.வி.யில் காட்டினார்கள். மொத்தம் 12 முறை. நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றுக்கொண்டன. டி.வி.யில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. ஆள் ஒன்று, பேச்சு ஒன்று. நேரில் இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம்.

2010-இல் வெளியான இன்னொரு ஆய்வு. குழந்தைக்குச் சொல் கற்றுத் தரும் என்று சொல்லி விற்ற வீடியோவை, 12 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கு ஒரு மாதம் வீட்டில் காட்டச் சொன்னார்கள். பார்த்த குழந்தைகள், பார்க்காத குழந்தைகளை விட அதிகம் சொற்கள் கற்கவில்லை. வீடியோ இல்லாமல் பெற்றோரே அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்த குழந்தைகள்தான் அதிகம் கற்றன. இதில் இன்னொன்றும் தெரிந்தது. வீடியோ யாருக்குப் பிடித்திருந்ததோ, அந்தப் பெற்றோர் தங்கள் குழந்தை நிறையக் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டார்கள். நாமும் அப்படித்தானே?

மூன்றாவது, நம் வீடுகளுக்கு ரொம்பப் பொருத்தமானது. "நான் சீரியல் பாக்குறேன், புள்ள அது பாட்டுக்கு வெளையாடுது, அதுல என்ன?" என்று கேட்போம். 2009-இல் வெளியான ஆய்வில், டி.வி. சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும், குழந்தையின் காதில் விழும் பெரியவர்களின் பேச்சு சுமார் 770 சொற்கள் குறைந்தது. டி.வி. ஓடினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். பிள்ளை பார்க்காவிட்டாலும் அதற்கு நஷ்டம்தான்.

எந்த வயதுக்கு எவ்வளவு?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமும் 2021-இல் நம் நாட்டுக்கென்று ஒன்றைத் தயாரித்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன. குழு நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

* 2 வயது வரை: டி.வி., செல்போன் எதுவும் வேண்டாம். வெளியூரில் இருக்கும் அப்பாவோடும் சொந்தபந்தத்தோடும் எப்போதாவது வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவது மட்டும் பரவாயில்லை.
* 2 முதல் 5 வயது வரை: ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.
* ஓடியாடி விளையாடுவது: 1 வயதிலிருந்து ஒரு நாளைக்கு மொத்தம் 3 மணி நேரமாவது.
* தூக்கம்: 1, 2 வயதில் 11 முதல் 14 மணி நேரம். 3, 4 வயதில் 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் சேரும்.

வீடியோவில் பேசுவதற்கு மட்டும் ஏன் விலக்கு? காரணம் அந்தப் பந்துதான். திருப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அப்பா, "என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டால் பிள்ளை பதில் சொல்கிறது. அவர் சிரிக்கிறார். பந்து போய் வருகிறது.

அப்படியானால் திரை என்றாலே கெடுதலா?

அப்படியும் சொல்ல முடியாது. நியாயமாகப் பேசுவோம். அமெரிக்காவில் 1969-இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியைப் பற்றிப் பல ஆய்வுகள் வந்துள்ளன. கல்வி அறிஞர்கள் சேர்ந்து கவனமாகத் தயாரித்த நிகழ்ச்சி அது. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டார்கள் என்று தெரிய வந்தது. பெரியவர் கூட உட்கார்ந்து, "இது என்ன நிறம்? நம்ம வீட்ல அந்த நிறத்துல என்ன இருக்கு?" என்று கேட்டுப் பேசினால் பலன் இன்னும் கூடும்.

ஆக, மூன்று வயதுக்கு மேல், நல்ல நிகழ்ச்சி, கொஞ்ச நேரம், கூட ஓர் ஆள். இந்த நான்கும் இருந்தால் குற்றமில்லை. நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வேறு கதை. நம் வீட்டில் நடப்பது எது என்று நமக்குத் தெரியும்.

பால்வாடியில் ஏன் தனியாக யோசிக்க வேண்டும்?

முதல் காரணம் கணக்கு. ஒரு நாளைக்கு 1 மணி நேரம் என்பது வீடும் பால்வாடியும் சேர்த்து. நம் பிள்ளைகளில் பலர் காலையில் பல் விளக்கும் முன்பே செல் பார்க்கிறார்கள். சாயங்காலம் வீட்டில் டி.வி. ஓடுகிறது. வீட்டிலேயே அளவு தாண்டிவிட்ட பிள்ளைக்குப் பால்வாடியிலும் போட்டால் அது அளவுக்கு மேல் ஊற்றுவதுதான்.

இரண்டாவது, வீட்டில் கிடைக்காதது பால்வாடியில்தான் கிடைக்கிறது. சம வயதுப் பிள்ளைகள் கிடைக்கிறார்கள். ஒருத்தி பொம்மையைப் பிடுங்குவாள், இவன் அழுவான், டீச்சர் சமாதானம் செய்வார், பிறகு இருவரும் சேர்ந்து விளையாடுவார்கள். விட்டுக்கொடுப்பது, காத்திருப்பது, கேட்டு வாங்குவது எல்லாம் அங்கேதான் வரும். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான பாடத்திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா'. உட்கார்ந்து பார்ப்பது அந்தப் பெயரில் இல்லை.

மூன்றாவது, சாப்பாடு. கலவை சாதமும் முட்டையும் போட்டு, எதிரே படத்தையும் ஓடவிட்டால் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததா இல்லையா என்றே தெரியாது. சிலது அளவுக்கு மீறிச் சாப்பிடும், சிலது வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்ளும். தானே எடுத்துச் சாப்பிடும் பழக்கமும் வராது.

நான்காவது, கண். தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை இப்போது சின்னப் பிள்ளைகளுக்கே வருகிறது. சீனாவின் குவாங்சோ நகரத்தில் 6, 7 வயதுப் பிள்ளைகளைப் பள்ளியில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விளையாட விட்டார்கள். 2015-இல் வெளியான முடிவு இது: 3 ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகளில் 100-க்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. அப்படி விடாத பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு வந்தது. வெளிச்சத்தில் விளையாடுவது கண்ணுக்கு நல்லது. அதற்குக் காசு செலவில்லை.

ஐந்தாவது, டி.வி. ஆயாவாகிவிடும் ஆபத்து. இது டீச்சர் மேல் சொல்லும் குறை அல்ல. அவர்கள் வேலையை ஒரு நாள் கூட இருந்து பாருங்கள். எடை, உயரம் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுக்க வேண்டும். பதிவேடு எழுத வேண்டும். 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியிலும் எல்லாவற்றையும் பதிய வேண்டும். உதவியாளர் இடம் காலியாக இருந்தால் சமையலும் அவர் தலையில்தான். அந்த நிலைமையில் சுவரில் டி.வி. இருந்தால் யாருக்குத்தான் போடத் தோன்றாது? இன்று பத்து நிமிடம், நாளை அரை மணி நேரம் என்று வளரும். ஆள் பற்றாக்குறைக்கு மருந்து ஆளைப் போடுவதுதான். டி.வி. அந்தக் குறையை மறைக்கும், தீர்க்காது.

"பணக்காரப் புள்ளைங்களுக்கு மட்டுமா?"

கூட்டத்தில் கேட்ட முதல் கேள்வி மனதைத் தொட்டது. நம் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்ற தவிப்பு அதில் இருக்கிறது. அதற்கு ஒரு பதில் கிடைத்தது.

ஸ்வீடன் வசதியான நாடு. அங்கே மழலையர் பள்ளிகளில் கம்ப்யூட்டர் கருவிகளைக் கட்டாயமாக்க முன்பு முடிவெடுத்திருந்தார்கள். 2023-இல் அந்த முடிவைத் திரும்பப் பெறப்போவதாக அந்த நாட்டு அரசே அறிவித்தது. பிரான்ஸ் நாட்டில் 2025-இல், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பராமரிக்கும் மையங்களில் திரை காட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்தார்கள். வாங்கிக் கொடுக்க வசதி உள்ள நாடுகளே சின்னப் பிள்ளைகளிடமிருந்து அதை எடுக்கின்றன. ஆகவே, டி.வி. இல்லாத பால்வாடியை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. விளையாட இடம் இல்லாத, பேச ஆள் இல்லாத பால்வாடியைத்தான் மட்டம் என்று சொல்ல வேண்டும்.

திரை வந்துவிட்டால் என்ன செய்வது?

அரசுத் திட்டத்திலேயே வரலாம். வந்தால் வேண்டாம் என்று சண்டை போட வேண்டியதில்லை. ஒழுங்கு வைத்துக்கொள்வோம்.

1. 3 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் இருக்கும்போது போட வேண்டாம்.
2. மூத்த பிள்ளைகளுக்கும் ஒரு தடவைக்கு 10 அல்லது 15 நிமிடம் போதும். தினமும் வேண்டாம்.
3. டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். எழுந்து ஆடும் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது.
4. சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் கட்டாயம் கூடாது.
5. முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்து வைத்ததை மட்டும் போட வேண்டும். இணையத்தில் ஒன்று முடிந்ததும் தானாக அடுத்தது வரும். நடுவில் விளம்பரமும் வரும். அதை நம்பி விடக் கூடாது.
6. அழுகையை நிறுத்தவும் பரிசாகவும் போடக் கூடாது.
7. அதே திரையைத் தாய்மார் கூட்டத்துக்குப் பயன்படுத்தலாம். தாய்ப்பால், தடுப்பூசி, இரத்தசோகை பற்றிய படங்களை நாம் பார்ப்போம்.

டி.வி. இல்லாமல் என்ன செய்வது?

நம் அப்பத்தாக்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடையும் விளையாட்டு, சாய்ந்தாடும் பாட்டு, நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது, விடுகதை, பனையோலைக் காற்றாடி, மணல் வீடு, தண்ணீரில் காகிதக் கப்பல். எல்லாமே பந்து எறிந்து பிடிக்கிற வேலைதான். மூன்று வயதுக்கு மேல் புளியங்கொட்டையை எண்ணிப் பிரிக்கச் சொல்லலாம். அதற்குக் கீழ் உள்ள பிள்ளைகள் கையில் கொட்டை, மணி, காசு எதையும் கொடுக்கக் கூடாது. மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்ளும். தண்ணீர் வாளிப் பக்கம் தனியாக விடவும் கூடாது.

"எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். தனியாக நேரம் வேண்டாம். கீரை ஆயும்போது, துணி மடிக்கும்போது, தலை சீவும்போது பேசிக்கொண்டே செய்யுங்கள். "இது அப்பா சட்டை, இது பாப்பா சட்டை. எது பெரிசு?" அதுவே பாடம்.

செல் இல்லாமல் சாப்பிடாத பிள்ளைக்கு, ஒரு வேளைச் சாப்பாட்டில் முதலில் நிறுத்துங்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து தட்டு வைத்து உட்காருங்கள். அதற்கும் சின்னத் தட்டு வைத்துத் தானே எடுத்துச் சாப்பிட விடுங்கள். சில நாள் அழும், அடம்பிடிக்கும். பசித்தால் சாப்பிடும். அந்த வேளை பழகியதும் அடுத்த வேளை. முக்கியமானது, பெரியவர்களும் அந்த நேரத்தில் செல்லைக் கீழே வைக்க வேண்டும். தூங்கப் போகும் முன் ஒரு மணி நேரம் வீட்டில் டி.வி.யை நிறுத்திப் பாருங்கள்.

இதையும் கவனியுங்கள்

ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா? இரண்டு வயதில் "அம்மா வா", "பால் குடு" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறதா? இல்லை என்றால் "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்று காத்திருக்க வேண்டாம். 2013 முதல் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பரிசோதிக்கிறது. அவர்களிடம் காட்டுங்கள். அதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்கலாம். பார்ப்பது இலவசம். சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் பலன். இதில் எந்தத் தாயையும் யாரும் குற்றம் சொல்லக் கூடாது. என்னையும் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் அடுத்த முறை போயிருக்க மாட்டேன்.

அந்த ஊரில் என்ன முடிவானது?

அடுத்த கூட்டத்துக்கு டீச்சர் வந்தார். நாங்கள் தெரிந்துகொண்டதைச் சொன்னோம். பிறகு தலைவி கேட்டார்: "டி.வி.யை விடுங்க. உங்களுக்கு நெசமாவே என்ன வேணும் டீச்சர்?"

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார்: "மையத்துக்கு முன்னாடியே ரோடு. மணல் லாரி போகுது. வேலி இல்ல. வெளியே விட்டா ஒரு புள்ள ஓடிடுமோன்னு பயம். அதனாலதான் நாள் பூரா உள்ளயே வச்சிருக்கேன். உள்ளயே இருந்தா புள்ளைங்க கத்தத்தான் செய்யும். டி.வி. வந்தா நல்லாருக்கும்னு நானும் நெனச்சேன். வேலி இருந்தா எனக்கு டி.வி. தேவையில்ல."

கூட்டம் அமைதியாகிவிட்டது. இத்தனை நாள் அந்த வழியாகத்தான் எல்லோரும் வேலைக்குப் போய் வருகிறோம். வேலி இல்லாதது யார் கண்ணிலும் படவில்லை.

டி.வி. தருவதாகச் சொன்னவரிடம் மூன்று பேர் போய்ப் பேசினார்கள். அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "டி.வி.ன்னா எங்க அப்பா பேரை எழுதி வைக்கலாம். வேலியில எங்க எழுதுறது?" என்று கேட்டிருக்கிறார். "கேட்டுல எழுதலாம் அண்ணே. தெனமும் ஊரே பார்க்கும்" என்றிருக்கிறார்கள். சிரித்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். ஊராட்சியில் சொல்லி, துறை மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, கம்பி வேலியும் கேட்டும் போட்டார்கள். கேபிளுக்கு ஒதுக்க இருந்த பொது நிதியில் பிள்ளைகள் உட்காரப் பாய்களும் விளையாட மணலும் வாங்கினார்கள். நிழலுக்கு இரண்டு வேப்பங்கன்று நட்டு, முறை போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். கேட் சாத்தியிருந்தது. உள்ளே மணலில் ஏழெட்டுப் பிள்ளைகள். ஒரே கூச்சல். டீச்சர் வாசலில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். பிள்ளையும் பதிலுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

நம் குழுக்கள் செய்ய வேண்டியது

இந்த மாதக் கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் படித்துப் பேசுங்கள்.

1. நம் ஊர்ப் பால்வாடிக்குக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம்?
2. பிள்ளைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியே விளையாடுகிறார்கள்? விளையாட வேலி, நிழல், தண்ணீர், கழிப்பறை இருக்கிறதா?
3. டீச்சர், உதவியாளர் இரண்டு இடமும் நிரம்பியிருக்கிறதா? காலியாக இருந்தால் மனு கொடுத்தோமா? கிராம சபையில் பேசினோமா?
4. மையத்தில் டி.வி. அல்லது செல் காட்டுகிறார்களா? எப்போது, எவ்வளவு நேரம்? குறை சொல்லாமல், டீச்சரோடு உட்கார்ந்து பேசினோமா?
5. நம் வீட்டில் பிள்ளை நேற்று எவ்வளவு நேரம் திரை பார்த்தது? நாம் எவ்வளவு நேரம் அதோடு பேசினோம்?

முதல் நான்குக்கும் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதுங்கள். ஐந்தாவதை எழுத வேண்டாம். அவரவர் மனதில் வைத்துக்கொண்டு, இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செல்லை ஓரமாக வைத்துவிட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.